மன்றாட்டில் வாசித்த பெயர்

ஞாயிற்றுக்கிழமை மதியம், லண்டனில் இல்ஃபோர்டிலிருந்து செவன் கிங்ஸ் போகும் பஸ். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த இரண்டு பெண்கள் என் பின்சீட்டில் இருந்தார்கள்.

"மகளின்ர பேரைப் பூசையில வாசிச்ச நாளிலயிருந்து அவள் என்னோட கதைக்கிறதில்லை," என்றார் மூத்தவர். நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"ஏனக்கா? எல்லாரும் அவளுக்காக மன்றாடினவைதானே."

"ஓம். 'உயிரோட இருக்க விருப்பமில்லாமல் தவிக்கிற பிள்ளைக்காக' எண்டு பேரோட வாசிச்சவை. அவள் எனக்குப் பக்கத்தில இருந்தவள்."

"ஐயோ! ஆர் அப்பிடி எழுதிக் குடுத்தது?"

"நான்தான். விபரமாச் சொன்னால் சனம் உருக்கமா மன்றாடும் எண்டு நினைச்சன்."

"பதினைஞ்சு வயசுப் பிள்ளையக்கா. டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"இப்பதான் காட்டுறம். அங்கயும் வாய் திறக்கிறாளில்லை. அண்டைக்குப் பூசை முடிய, ஒவ்வொருத்தரா வந்து அவளின்ர தலையில கை வைச்சுச் செபிச்சவை. அசையாமல் நிண்டாள்."

தானும் கை வைத்ததாக இளையவர் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்," என்றார் தாய்.

"உங்களிட்ட ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"வீட்ட வரேக்க, இதே பஸ்ஸில, ஒரேயொருக்காச் சொன்னவள். 'அம்மா, கடவுளிட்ட நான் முதலே சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. அதாலதான் உங்களிட்டச் சொன்னனான்.'"