ரோஜாவுக்குப் போட்ட லேத் இரும்பு

தளியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் மனைவியிடம் சொன்னார்:

"ரோஜாச் செடிக்கு ரெண்டு டப்பா இரும்பு போட்டுட்டேன். இன்னும் எல வெளுத்துக்கிட்டேதான் போகுது."

"எந்த இரும்பு?"

"லேத்துல சீவி விழற சுருள்தான். இரும்புச் சத்து இல்லன்னு விவசாய ஆபீசர் சொன்னாரே."

"கடிச்சுத் தின்ன வேருக்குப் பல்லா இருக்குது? தண்ணியில கரைஞ்சாத்தான் வேரு இழுக்கும். நீங்க ஷிப்டுக்குப் போனப்புறம் மிச்சத்தையும் சொன்னாரு. நம்ம மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதானாம்."

"அப்புறம் செடிக்கு ஏன் கெடைக்கல?"

"அந்தப் பாத்தியில சுண்ணாம்பு ஏறிப்போச்சாம். அது இருந்தா இரும்பு கரையாதாம். அன்னபேதின்னு ஒரு இரும்பு உப்பு இருக்குதாம், அதக் கரைச்சு எல மேல அடிக்கணுமாம். அத வாங்கத்தான் வர்றேன்."



"பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சுட்டு, மிச்ச சுண்ணாம்பப் பாத்தியில கொட்டுனது யாரு?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓசூர் வந்திருச்சு, எந்திரிங்க."

ஓசூருக்கு இன்னும் நான்கு ஸ்டாப் இருந்தது.