மண்டோரின் தொப்பி

நாடகம் எழுதுகிறவனுக்கு நல்ல காது வேண்டும், ஐயா. எனக்கு அது உண்டு. மலாயாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் நாடகம் எழுதுவதும் நான்தான்.

நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டான். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் நல்லசாமி வாசல் வாசலாக வந்து நின்றான். "வீட்டுக்கு ஒரு ஆளு கண்டிப்பா போவணும்லா. நான் என்னா செய்ய, மேலேருந்து உத்தரவு." என் தம்பி தங்கராஜு போனான். தப்பித்து வந்த ஒருவன், தம்பி வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னான். நல்லசாமியைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடிதடி எனக்கு வராது. எழுத வரும். அவனை ஒரு பாத்திரமாக்கினேன். முழுக் கெட்டவனாக எழுதினால் சனங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவி வள்ளியம்மாவுக்கு அவன் மரவள்ளிக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுவது எனக்குத் தெரியும். "இன்னும் ஒரு வாய் புள்ள" என்று கெஞ்சுவான். அதை அப்படியே எழுதினேன்.

தன்னைப் பற்றிய நாடகம் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேஷம் கட்டப்போவது நான் என்று தெரிந்து, தன் காக்கித் தொப்பியைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். "இத போட்டாத்தான் கிராணி, மண்டோரு மாதிரி இருக்கும்."

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். பகலிலேயே நாடகம் போட்டோம். ஜப்பான் அதிகாரி முன்வரிசையில் இருந்தான், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன். கஞ்சி ஊட்டும் காட்சியில் பெண்கள் அழுதார்கள். அழுதவர்கள் அடுத்ததையும் நம்புவார்கள். ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ரேடியோவை எடுப்பதுபோல் எடுத்து, வெள்ளைக்காரன் செய்தியைக் காது கொடுத்துக் கேட்டேன். அப்படிக் கேட்டால் ஜப்பான்காரன் தலையை எடுத்துவிடுவான் என்று தோட்டத்துக்கே தெரியும்.

தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பார்க்கிற அந்தத் தொப்பியை அதிகாரி அடையாளம் கண்டுகொண்டான். இது நிஜமா என்று கேட்கச் சொன்னான். "கதைதான் ஐயா" என்றேன். சொல்லும்போது நல்லசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் ரேடியோ கிடைக்கவில்லை. இருந்தாலும் அவனை விசாரணைக்கென்று சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. வள்ளியம்மா ஒன்பதாம் நாள் இறந்தாள். நல்ல காது என்று சொன்னேனே, பலகைக்கு அந்தப் பக்கம் அவள் தண்ணீர் கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என் தம்பிக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்?

ஒன்றையும் மறைக்கவில்லை. நல்லசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சயாம் பட்டியலில் பெயர்களை எழுதியது நான். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் இருந்தோம். தம்பி பெயரை எழுதினேன்.

ஆனாலும் ஆள் கேட்டு வாசலில் வந்து நின்றவன் அவன்தானே, ஐயா.