வீட்டிற்கு இட்ட மதிப்பெண்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில், தேர்வாய் கண்டிகையில் வேலை முடித்துத் திரும்பிய தொழிலாளர் இருவர் என் எதிரே அமர்ந்திருந்தனர். அவர்களுள் டேவிட் என்பவர் திடீரெனச் சொன்னார்:

"ஊடு எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு மார்க் போட கரண்ட் ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க குமாரு. ஃப்ரிட்ஜைத் தூக்கிப் பக்கத்து ஊட்ல ஒளிச்சிட்டேன்."

"இன்னாத்துக்கு நைனா?"

"பழசுப்பா. மார்க் கொறைஞ்சிடுமேன்னுதான். வந்த மேடம் தரையில அதோட கால் தடத்தைப் பாத்துட்டு, 'ஃப்ரிட்ஜ் எங்கண்ணா?'ன்னு கேட்டுட்டாங்க."

"பொண்ணு பாக்க வராங்கன்னு நெனச்சிகினியா?"

"சிரிக்காத. எப்பவும் பொழங்குற மாதிரி இருந்தாதான் சரியா மார்க் போட முடியும்னு திரும்பக் கொண்டாரச் சொன்னாங்க. கரண்ட் பில்லு, ஃபேனு, ஜன்னலு, செவுரு எல்லாம் பாத்து, அஞ்சுக்கு ரெண்டு குடுத்தாங்க."

"பெயிலு!"

"கேளுய்யா. ஃப்ரிட்ஜை வுட மொட்டைமாடிதான் பேஜாராம். அந்தச் சூட்டுக்குத்தான் ஃபேனு நிக்காம ஓடுதாம். மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு, மேக்கால ஜன்னலுக்கு வெளிய தட்டி கட்டச் சொன்னாங்க. ரெண்டும் செஞ்சிட்டேன்."

"கொயந்தைக்கு வேர்க்குருன்னு உன் ஊட்டுக்காரி கடம்பத்தூர்ல அம்மா ஊட்லயே கீறாளே, அவ இன்னா சொன்னா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்து பாத்தா. தரையில குந்திகினு மேலயே பாத்துகினு இருந்தா. சாயந்திரம் கெளம்பிடுவான்னு நெனச்சேன். தூளி கட்டக் கொக்கி எங்கன்னு கேட்டா."

கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளேன். இதனைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.