தட்டு விழுந்த மேளம்

— அந்தத் தட்டு விழுற சத்தம்ண்ணே. அத மட்டும் இன்னொரு தடவ போடுங்க.

— தனியா போட முடியாதும்மா. மேளத்தோட சேந்து கெடக்குது. இந்தா, கீபோட்டுல இந்தக் கட்டைய அமுக்குனா முழுசா வரும். கேட்டியா? நாயனம், தவுலு, நடுவுல டங்குன்னு ஒரு தட்டு. எந்தக் கல்யாணத்துல வாசிச்சாலும் யாராச்சும் ஒருத்தர் குனிஞ்சு கீழ பாப்பாங்க.

— நானும் பாத்தேன். போன மாசம் புஞ்சாக் ஆலாம்ல, பவனேஷ் கல்யாணத்துல. கீழ ஒரு தட்டும் இல்ல.

— அட, அங்க வந்திருந்தியா? அதான் பாத்த மொகமா இருக்கு. அங்கயும் இந்த ராஃபேல்தான், ஞாயித்துக்கெழம உன் தங்கச்சி கல்யாணத்துக்கும் ராஃபேல்தான். உங்கம்மா போன்ல அழாத கொற. கிள்ளான் மேளக்காரங்க கடைசி நேரத்துல கைய விரிச்சிட்டாங்களாமே. முகூர்த்த நாளு, ஆளு இல்லியாம். நான் சொன்னேன், லோகேஸ்வரி அக்கா, கவலப்படாதீங்க, என் கீபோட்டுக்குள்ள ஒரு மேளக் கோஷ்டியே குந்தியிருக்குன்னு.

— சொன்னாங்க. மெசின்ல மேளம் போட்டா தாலி செல்லுமான்னு என்னக் கேட்டாங்க.

— மெசின் மேளம் இல்லம்மா இது. சொல்றேன் கேளு. கீபோட்டு வாங்கும்போது உள்ள வர்ற தவுலு இருக்கே, அது பிஸ்கட் டின்னத் தட்டுற மாதிரி இருக்கும். இது நெச மேளம். நெசக் கல்யாணத்துல, தவுலுக்குப் பக்கத்துல மைக்க வச்சு நானே புடிச்சது. பொண்ணோட அப்பா கையத் தூக்கி சைகை காட்டுனாரு பாரு, அடுத்த நிமிஷம் டேவான் மண்டபமே அதிருது. அந்த வேகம், ரூம்ல உக்கார வச்சு அடிக்கச் சொன்னா வராது.

— அவ்ளோ சத்தமா எதுக்கு அடிக்கிறது?

— என்னக் கேக்குற? நான் மாதா கோயிலு ஆளு, எனக்கே தெரியுது. தாலி ஏறுற நேரத்துல தும்மல், அழுக, கெட்ட பேச்சு எதுவும் யாரு காதுலயும் விழக்கூடாதுன்னுதான். எல்லாத்தையும் மேளம் முழுங்கிடணும்.

— யாரு கல்யாணத்துல புடிச்சீங்க?

— ஆச்சு, ஒம்போது பத்து வருஷம். கோலா சிலாங்கூர் டேவான்ல. செம்பனத் தோட்டத்து ஆளுங்க. பொண்ணோட அப்பா அங்க வேலையாளுங்கள மேய்க்கிற மண்டோரா இருந்தவரு. மேளத்துக்குக் கோஷ்டி வந்திருந்துச்சு. நான் சாப்பாட்டு நேரத்துக்குப் பாட்டு வாசிக்கப் போயிருந்தேன். அப்பத்தான் இந்தக் கீபோட்டு புதுசு. கேக்குற சத்தத்தையெல்லாம் புடிச்சு உள்ள போட்டுக்குவேன். லோரி ஆரன், மாதா கோயில் மணி, எங்க வீட்டு நாயி. நாயி இன்னும் இருக்கு, கேக்குறியா?

— வேணாம்ண்ணே. அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குன்னு தெரியுமா?

— அது எனக்கெப்படிம்மா தெரியும்? பொண்ணு மொகத்த யாரு பாத்தா. நான் மைக்கப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏன், எதுவும் கேள்விப்பட்டியா?

— பிரிஞ்சு வந்துட்டா. ரெண்டு வருஷம்கூட இருக்கல.

— ஐயய்யோ. அம்மா காதுல போட்டுடாத லா. ஆகாத கல்யாணத்து மேளம்னு ஆரம்பிச்சிருவாங்க. இத வச்சு எத்தன கல்யாணம் பண்ணியிருக்கேன், எல்லாரும் புள்ள குட்டியோட நல்லாத்தான் இருக்காங்க. வேணும்னா ரெண்டு கட்ட மேல தள்ளி வாசிக்கிறேன், வேற மேளம் மாதிரி கேக்கும். யாரு சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லல. நான்தான் அந்தப் பொண்ணு.

— என்னம்மா சொல்ற?

— தட்டத் தவற விட்டது எங்க சித்தி. அட்சத அரிசி வச்சிருந்த தட்டு. அன்னைக்குப் பூரா அதுக்குத் திட்டு வாங்கிக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தம் எனக்கு மறக்காது.

— அப்ப... மண்டோர் சுகுமாரன் மூத்த பொண்ணா? துளசியா நீ? மன்னிச்சுக்கம்மா. வாரா வாரம் ஒரு கல்யாணம் போறவன், ஆள் மொகமே நிக்கிறதில்ல. ஒரு வார்த்த கேட்டுட்டுப் புடிச்சிருக்கணும். இப்பவே அழிச்சிடுறேன்.

— அழிக்க வேணாம், நான் அதுக்கு வரல. மேளம் அடிக்கிறதுக்கு முன்னயே ரெக்கார்ட் ஆரம்பிச்சீங்களா, அடிச்சப்புறமா?

— முன்னயேதான். எப்ப அடிப்பாங்கன்னு தெரியாதில்ல, முன்னயே தட்டி விட்டுருவேன். பொறவு வீட்டுக்கு வந்து, தொடக்கத்த மேளம் ஆரம்பிக்கிற எடத்துக்குத் தள்ளி வச்சா போதும். கட்டைய அமுக்குனதும் சட்டுனு மேளம் விழும்.

— அப்ப முன்னால இருந்தத வெட்டிட்டீங்க.

— வெட்டல, தள்ளித்தான் வச்சேன். முழுசும் உள்ளதான் இருக்கு.

— அதப் போடுங்க.

— அதுல ஒண்ணுமில்லம்மா. ஐயரு மந்திரம், ஜனங்க சலசலப்பு. யாரோ ஒரு பொம்பள வேணாம் வேணாம்னு சொல்லும். ஏதோ சின்னப் புள்ள பூவ இழுத்திருக்கும், அதட்டுறாங்கன்னு நெனச்சேன். அதான் தள்ளி விட்டேன்.

— போடுங்கண்ணே.

— இரு. தொடக்கத்தப் பின்னால இழுக்கணும். ம்... இப்ப கேளு.

— சரியா கேக்கல. மந்திரம்தான் கேக்குது.

— இந்த வேகத்துல நழுவிரும். கீழ் கட்டையில அமுக்குனா மெதுவா வரும். ஆனா குரலு தடிச்சிரும், ஆம்பளக் குரல் மாதிரி. இந்தா.

— இன்னும் கீழ.

— இந்தா. வேணாம்ப்பா... ஆமா, அப்பான்னுதான் சொல்லுது. இது புள்ளைய அதட்டுற மாதிரி இல்லியே.

— இல்ல.

— ரெண்டு தடவ சொல்லுது. ரெண்டாவது தடவ பாதியில மேளம் விழுந்துருச்சு. துளசி, இது உன் குரலா?

— பிரிஞ்சு வந்தப்ப வீட்டுல எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. புடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு. சொன்னேனே, மணவறையிலயே சொன்னேனேன்னேன். அப்பா இல்லவே இல்லன்னுட்டாரு. உன் பக்கத்துலதான் நின்னேன், நீ வாயே தொறக்கலன்னாரு. அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. வருஷக்கணக்கா அதையே கேட்டு, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மனசுக்குள்ள சொன்னத வாயால சொன்னதா நெனச்சுக்கிட்டேனோன்னு.

— வாயாலதான் சொல்லியிருக்க. மைக்கு மனசுக்குள்ள போயா புடிக்கும்?

— அவ்ளோதான்ண்ணே, எனக்கு அது தெரியணும்.

— மைக்கு உங்கப்பாவத் தாண்டி, தவுலுக்காரருகிட்ட இருந்துச்சு. அதுக்கே கேட்டிருக்குன்னா அவருக்கு...

— தெரியும். அது போதும், அதுக்கு மேல பேச வேணாம்.

— எனக்கு மனசு ஆறல துளசி. இத்தன வருஷமா இந்தக் கட்டைய அமுக்கித்தான சோறு தின்னிருக்கேன். பெண்டிரைவ்ல போட்டுத் தரேன். வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டு.

— வேணாம். அப்பா மெசின் செஞ்ச குரலுன்னுவாரு. கீழ் கட்டையில அமுக்குனா யாரு குரலும் மாறும்னு நீங்களே இப்பத்தான் சொன்னீங்க.

— அதுவும் சரிதான். அப்ப ஞாயித்துக்கெழமைக்கு வேற மேளம் வச்சிடவா? இன்னொண்ணு இருக்கு, இவ்வளவு நல்லா இருக்காது. ஆனா தட்டு கிட்டு விழாது.

— இதையே வைங்க. எந்த மேளமா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். பொண்ணு பாத்த நாள்லேர்ந்து தங்கச்சி அன்பரசியக் கேட்டுக்கிட்டிருக்கேன், மாப்பிள்ளையப் புடிச்சிருக்கான்னு.

— என்ன சொல்லுது?

— அப்பா இஷ்டம்னு சொல்றா.

— வெக்கப்படுது லா. பொண்ணுங்க அப்படித்தான சொல்லும்.

— வெக்கமா இருக்கலாம். நெசமாவே புடிச்சும் இருக்கலாம், மாப்பிள்ள கெட்டவரு இல்ல. எனக்குத் தெரியல. நானும் மணவறைக்குப் போற வரைக்கும் அப்பா இஷ்டம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அங்க உக்காந்தப்புறம்தான் பயம் வந்துச்சு.

— உங்கம்மாகிட்ட பேசிப் பாரேன். இன்னும் நாளு இருக்குல்ல.

— பேசியாச்சு. வாழாவெட்டி வீட்டுல இருந்துக்கிட்டு தங்கச்சி வாழ்க்கையக் கெடுக்குறாளேன்னு அழுதாங்க. அதோட விட்டுட்டேன். கிள்ளான் கோஷ்டிக்குப் போன் பண்ணேன்.

— கோஷ்டிக்கா? அவங்களுக்குத்தான் ஆளு இல்லன்னாங்களே.

— ஆளு இருந்துச்சு. வேணாம்னு சொன்னது நான்தான். அம்மா கேட்டா ஆளு இல்லன்னு சொல்லிடுங்கன்னதும் நான்தான். அப்புறம் அம்மாவுக்கு உங்க நம்பர யாரு குடுத்தாங்கன்னு நெனக்கிறீங்க?

— நீயா? உன் கல்யாணத்து மேளம்னு தெரிஞ்சுமா? எதுக்கும்மா இதெல்லாம்?

— கோஷ்டின்னா அத்தன பேரு. அப்பா சைகை காட்டுனா ஒண்ணா அடிச்சிருவாங்க, யாருகிட்டன்னு போய் சொல்றது. இங்க ஒரே ஒரு வெரலு. ஞாயித்துக்கெழம அப்பா கையத் தூக்குவாரு, நீங்க அவரு கையப் பாக்காதீங்கண்ணே. அன்பரசி வாயப் பாருங்க.