வில்லோ கிரீக்கில் ஒரு ஓட்டு

உங்கள் ஒலிப்பதிவுக் கருவியில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், மேடம். இப்படிக் கொடுங்கள். இதோ, சிவப்பு விளக்கு எரிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். முப்பத்தொரு வருடம் கூரை கூரையாக ஏறி டிஷ் ஆன்டெனா மாட்டியவன் நான். எந்த வீட்டில் யாருக்கு எந்தப் பொத்தானை அழுத்தத் தெரியாது என்பது எனக்கு மனப்பாடம்.

என் பெயர் கிளைட் ஹாஸ்கெட். வயது அறுபத்தெட்டு. சொந்தக்கால் கட்சியின் மாவட்டத் தலைவர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பரவாயில்லை. இந்த நாட்டில் இரண்டு பெரிய கட்சிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே சமையலறை என்பது எங்கள் கொள்கை. இணையத்தில் வாரம் ஒரு கட்டுரையும் எழுதுகிறேன். மூன்றே விஷயங்கள்தான்: துப்பாக்கி, மூன்றாவது கட்சி, வீட்டில் புழங்கும் கருவிகள். படிப்பவர்கள் பதினான்கு பேர். அதில் ஒருவர் உங்கள் போலீஸ் இலாகாவின் ஆள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அது உண்மையானால் பதின்மூன்று பேர்.

எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போடுவது என் வழக்கம். முகத்தை மூடிக்கொண்டு கருத்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. "பால் வாங்க வேண்டும்" என்று பிரிட்ஜில் ஒட்டுகிற சீட்டில்கூட என் கையெழுத்து இருக்கும். வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே.

ஆர்லோ லிண்ட்குவிஸ்டைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். பால் லாரி ஓட்டியவன், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, கோழி வளர்த்தான். எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். ஒரு காலத்தில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். சாலையில் சிக்னல் விளக்கு வைப்பது அடக்குமுறையா இல்லையா என்ற கேள்வியில் கட்சி உடைந்தது. ஐந்து பேர் வெளியேறினார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். மீதி நாங்கள் இரண்டு பேர். மாநாடு என்றால் பான்கேக் கடையின் பின்பக்க மேஜைதான். ஆர்லோ தீர்மானத்தை முன்மொழிவான், நான் வழிமொழிவேன். எதிர்ப்பு இருந்ததே கிடையாது.

நல்ல மனிதன்தான், அதை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு மளிகைக் கடை வாசல்களில் நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறான். எங்களைப் போன்ற சின்னக் கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் வர வேண்டுமானால் ஒவ்வொரு தேர்தலுக்கும் நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். மொத்த ஓட்டில் நூற்றுக்கு ஒன்று வாங்கிவிட்டால் அந்தப் பிச்சை எடுப்பு தேவையில்லை, பெயர் தானாக வரும். பனியில் மூக்கு சிவக்க நின்றுகொண்டு ஆர்லோ சொல்வான்: "டேய் கிளைட்டு, நூத்துக்கு ஒண்ணு வாங்கிட்டோம்னு வை, நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அவனுக்குக் காது மந்தம். முப்பது வருடம் காதை மூடாமல் சுட்டுப் பழகியவன். துப்பாக்கியின் மேல் பழி போடாதீர்கள், காதடைப்பான் போடாதது அவன் தப்பு. போன வருடம் இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தாள் அவன் மகள். கைபேசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. ஆர்லோவின் விரல்கள் தடிமன், திரையில் ஒன்றைத் தொட்டால் நான்கு திறக்கும். அதனால் அவன் கைபேசிக்குள் என் கைபேசியிலிருந்தே போய்வரும்படி நான் ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து செய்தி அனுப்புவான்: "பாதிரியார் ஆரம்பிச்சுட்டார், குறை." நான் வீட்டில் முட்டை பொரித்துக்கொண்டே ஒரு விரலால் குறைப்பேன். "பாட்டு வருது, கூட்டு." கூட்டுவேன். அவன் வாசலில் மாட்டிய கேமராவும் என் கைபேசியில்தான் மணி அடிக்கும். இதையெல்லாம் நான் உதவியாகத்தான் செய்தேன். ஒரு காசு வாங்கியதில்லை.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

இந்த முறை மாவட்டக் கவுன்சிலுக்கு நான் நின்றேன். ஒரு பெரிய வெற்றியோடுதான் ஆரம்பித்தோம். இயந்திரத்தில் ஓட்டுப் போடுவது ஆபத்து, காகிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு நான் எழுதிய பத்தொன்பது கடிதங்களுக்குப் பிறகு, காகித வாக்குச்சீட்டு திரும்பி வந்தது. இயந்திரங்கள் பழசாகிவிட்டதால் மாற்றினோம் என்றார்கள். அப்படித்தான் சொல்வார்கள். தேர்தலன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். எத்தனையோ வருடம் கழித்துக் கையில் காகிதம், கையில் பேனா. என் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பி, ஒரு குடிமகன் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

நூற்றுக்கு ஒன்று என்றால் தொண்ணூற்றெட்டு ஓட்டு வேண்டியிருந்தது. தொண்ணூற்றேழு வந்தது.

எந்த வாக்குச்சாவடியில் எத்தனை என்று மாவட்டத்தின் இணையத்தளத்தில் போடுவார்கள். எங்கள் வில்லோ கிரீக்கில் கட்சிக்கு எப்போதும் இரண்டு ஓட்டு விழும். கடந்த நான்கு தேர்தலிலும் இரண்டு. அதைப் பார்த்து நானும் ஆர்லோவும் கைகுலுக்கிக்கொள்வோம். இந்த முறை ஒன்று. நான் போட்டது எனக்குத் தெரியும். மீதியை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

உடனே முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் நியாயஸ்தன். மறுநாள் பான்கேக் கடையில் உட்கார்ந்து நேருக்கு நேர் கேட்டேன்.

"ஆர்லோ, நீ யாருக்குப் போட்ட?"

அவன் பான்கேக்கின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டே சிரித்தான். "ரகசிய ஓட்டுடா. சொல்லணும்னு சட்டமா? நீதானே அதப் பத்தி எழுதித் தள்ளின?"

"விளையாடாத. நம்ம சாவடில ஒண்ணுதான் விழுந்திருக்கு."

"ஒண்ணுதானா? அப்ப நீ யாருக்குடா போட்ட?"

சொல்லிவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். காபி ஊற்ற வந்த நோரீன் எங்கள் முகத்தைப் பார்த்தாள். "என்ன, ஒருத்தர் சிரிக்கிறார், ஒருத்தர் உர்ருனு இருக்கார். கட்சி மறுபடியும் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். ஆர்லோ இன்னும் பலமாகச் சிரித்தான். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது, வெளியே காட்டவில்லை. அவன் சாப்பிட்டதற்கும் சேர்த்து நான்தான் பில் கொடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்தன. மகள் குழந்தைகளோடு வருகிறாள் என்று வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டு போட்டான். நான் கண்டித்தேன். "பூட்டு போட்டா என்னடா குறைஞ்சிடும், பிள்ளைங்க ஓடியாடுற வீடு" என்றான். அதோடு விடவில்லை. ஆபத்தான ஆளிடமிருந்து நீதிபதி உத்தரவு போட்டுத் துப்பாக்கிகளை எடுத்துவைக்கலாம் என்று புதிதாக வந்திருக்கிறதே ஒரு சட்டம், "அதுலயும் ஒரு நியாயம் இருக்குடா" என்றான். கட்சியின் செயலாளர், மேடம். இப்படித்தான் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான்.

அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பதினொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வேண்டாதவன் எவனும் ஒரு பொய்யை ஜோடித்து, அக்கம்பக்கத்தில் இருக்கிற நிரபராதியின் வாசலுக்குப் போலீஸை வரவழைத்துவிடலாம் என்று விளக்கமாக எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்லோவும்தான். "நம்ம ஊர்ல எவன்டா அப்படிச் செய்வான்" என்றான்.

அவன் கைபேசிக்குள் போய், அவன் பெயரில், தேர்தல் அலுவலகத்து அம்மாளுக்கு நான்கு செய்திகள் அனுப்பினேன். ஓட்டைத் திருடிவிட்டீர்கள், துப்பாக்கியோடு வருகிறேன், இந்த மாதிரி. அனுப்பியதும் அவன் திரையிலிருந்து அழித்துவிட்டேன். பிறகு கவலைப்படுகிற நண்பனாக உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். நீதிபதி அன்று மாலையே கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டேன். அரசாங்க வேலை இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

சார்ஜன்ட் பெக்வித் என்னைத் திருப்பிக் கூப்பிட்டு விவரம் கேட்டார். பொறுப்பான ஆள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இந்தக் கருவியில் பதிவாகட்டும்.

"எப்ப போனா அவர் நிதானமா இருப்பார், மிஸ்டர் ஹாஸ்கெட்?"

"காலைல ஆறரைக்குப் போங்க. காபி குடிச்சுட்டு நல்ல மனநிலைல இருப்பான்."

"காது கேக்குமா? நாங்க குரல் கொடுத்தா வெளிய வருவாரா?"

"மெஷின் போட்டிருக்கான். உங்களைவிட நல்லாக் கேக்கும்."

"அந்த நேரத்துல கைல துப்பாக்கி இருக்க வாய்ப்பிருக்கா?"

"காலங்காத்தாலயா? எல்லாத்தையும் பெட்டில போட்டுப் பூட்டிவச்சிருக்கான்."

பூட்டி வைத்திருந்தது உண்மை. ஆனால் இரண்டு வாரமாக ஒரு நரி அவன் கோழிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. தினமும் காலை ஆறரைக்கு ஒரு துப்பாக்கியை வெளியே எடுத்து, தோட்டத்துப் பக்கமாகக் கூண்டு வரைக்கும் போய்வருவான். சார்ஜன்ட் நரியைப் பற்றிக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். "வாசலில் யாரோ இருக்கிறார்கள்" என்று என் கைபேசி சொன்னது. ஆர்லோவின் வாசல். ஆறு முப்பத்தெட்டு. நான் அவன் காதுக் கருவியின் சத்தத்தைக் குறைத்தேன். தேவாலயத்தில் குறைப்பது போல இல்லை, முழுதாக. ஒரு விரல்தான். பிறகு அடுப்பை அணைத்தேன், முட்டை கருகினால் எனக்குப் பிடிக்காது.

கேமராவில் ஓரமாகத்தான் தெரிந்தது. அவன் வீட்டைச் சுற்றி வந்தான், துப்பாக்கி கக்கத்தில் இருந்தது. உங்கள் ஆட்கள் கீழே போடு என்று மூன்று முறை கத்தினார்கள், முறைப்படி. அவன் இடது காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பினான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பான். அவர்களைப் பார்த்ததும் சிரித்தான் என்று நினைக்கிறேன், அந்தக் கேமராவில் முகம் அவ்வளவு தெளிவாக வராது. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இதை வைத்துக்கொண்டு துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று யாரும் கிளம்பக் கூடாது. இந்த விவகாரம் முழுவதிலும் தனி மனிதனின் துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆர்லோவுடையது வெடிக்கவில்லை. என்னுடையவை ஏழும் சுவரில் மாட்டியபடி இருந்தன. வெடித்தது அரசாங்கத் துப்பாக்கி, வரவழைத்தது அரசாங்கச் சட்டம். கொல்ல நினைக்கிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கைபேசி போதும் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சட்டத்தைப் பற்றி நான் எழுதிய பதினொன்றும் அட்சரம் பிசகாமல் நடந்திருக்கிறது. யாராவது ஒருவர் முன்பே படித்திருக்கலாம்.

ஆறு முப்பத்தெட்டுக்கு என் கைபேசி அவன் கைபேசிக்குள் போனதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள் என்று தெரியும். இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் என்றும் எழுதியிருக்கிறேன், போன மார்ச்சில்.

என்ன இது? வாக்குச்சீட்டு மாதிரி இருக்கிறது. நகலா? வில்லோ கிரீக் சாவடிதான். ஆமாம், என் பெயருக்கு எதிரே வட்டம் நிரப்பியிருக்கிறது.

கீழே இருப்பது என் கையெழுத்துதான், மேடம். வேறு யாருடையதாக இருக்கும். என் கருத்து, என் காகிதம்.

போட்டவர் யார் என்று தெரியும்படி சீட்டில் எழுதியிருந்தால் செல்லாது என்று சட்டம் இருக்கிறதா. இந்தச் சிவப்பு முத்திரை அதற்காகத்தானா.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

அப்படியானால் அந்த ஒரு ஓட்டு ஆர்லோவுடையது.

அவன் சொல்லியிருக்கலாம். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். "நீ யாருக்குடா போட்ட" என்று கேட்டானே, அவன் உண்மையாகவே கேட்டிருக்கிறான். ரகசியம் ரகசியம் என்று சட்டம் போட்டு, இருபத்திரண்டு வருட நண்பர்களைப் பிரித்துவிட்டார்கள். இதைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

வாக்குமூலத்தில் கையெழுத்தை எங்கே போட வேண்டும்? இந்தக் கோட்டின் மேலா? பேனாவைக் கொடுங்கள், மேடம். நான் எழுதியதை ஒருநாளும் அடுத்தவன் தலையில் கட்டியவனில்லை.