அலமாரி மேல ஒண்ணுமே இல்ல

ஐயோ, செக்யூரிட்டியை எல்லாம் கூப்பிடாதீங்கம்மா. அது சண்டை இல்ல. அவங்க பேச்சே அப்படித்தான். காபி மெஷின் பக்கத்துல கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாரே, தாடி, அவரு எங்க அண்ணன். கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைச்சிக்கிட்டே பதிலுக்குக் கத்துறவரு எங்க வீட்டுக்காரர். மாப்ளையும் மச்சானும். நீங்க உக்காருங்க. உங்க வீட்டுக்காரரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? பித்தப்பையா? அதெல்லாம் இப்ப சின்னதா ஓட்டை போட்டு எடுத்துடுறாங்கம்மா. சாயங்காலமே எழுந்து உக்காந்து உங்களைத் திட்டுவாரு பாருங்க.

எதுக்குக் கத்துறாங்கன்னா கேக்குறீங்க? சொன்னா சிரிப்பீங்க. பரவாயில்ல, சிரிங்க. மயக்க மருந்து குடுக்குறாங்கள்ல, அப்ப மனுஷனோட நினைவு எங்க போகுது? அதுக்குத்தான் இந்தக் கத்தல். நிஜமாம்மா. சொத்துத் தகராறா இருந்தாக்கூட எப்பவோ முடிஞ்சிருக்கும்.

எங்க வீட்டுக்காரர் காலேஜ்ல மூளை ஆராய்ச்சி பண்றவரு. எங்க அண்ணன் தியானம் சொல்லிக் குடுக்குறவரு. டயர் கடைக்கு மேல ஒரு ஹால் எடுத்திருக்காரு. கீழ அவங்க டயருக்குக் காத்தடிப்பாங்க, மேல இவங்க மூச்சை இழுத்து இழுத்து விடுவாங்க. அண்ணி போனப்புறம் எங்க வீட்டு மாடி ரூம்லதான் இருக்காரு. ஆக, ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. என் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

நான் நான்னு சொல்றோமே, அது மூளைக்குள்ள ஓடுற கரண்ட்டு, கரண்ட்டு நின்னா ஆளு குளோஸ்னு இவரு சொல்வாரு. மூளை வெறும் ஜன்னல் மாப்ள, பாக்குறவன் வேற ஒருத்தன்னு அண்ணன் சொல்வாரு. நான் நடுவுல உக்காந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேப்பேன். ரெண்டு பேருக்கும் காதுல விழாது.

ஒரு நாள் இவருக்குத் திடீர்னு ஆசை. விஞ்ஞானத்தையும் ஆன்மிகத்தையும் நானே சேத்து வெக்கிறேன்னு கெளம்பிட்டாரு. பெரிய ஆள்! அண்ணனை அவரோட லேபுக்குக் கூட்டிட்டுப் போயி, தலையில பசை மாதிரி என்னத்தையோ தடவி, வயர் வெச்ச தொப்பி ஒண்ணை மாட்டி உக்கார வெச்சாரு. அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே ஆழமா உள்ள போயிட்டாரு. இவரு கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்துட்டு, மச்சான், நீங்க தூங்குறீங்கன்னாரு. தூங்கலைன்னாரு அண்ணன். அலை அப்படித்தான் வருதுன்னாரு இவரு. அங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு, குறட்டைகூட கேட்டுச்சு சார்னு சொல்லிடுச்சு. முடிஞ்சுது. அன்னையிலேர்ந்து பேச்சு கெடையாது. எல்லாம் என் வழியாத்தான். உன் புருஷனை உப்பை இப்படித் தள்ளச் சொல்லும்பாரு அண்ணன். ஜன்னல்ல நிக்கிறவரே எட்டி எடுத்துக்கட்டும்னு சொல்லுன்னு இவரு. உப்பு என் கைக்குப் பக்கத்துலதான் இருக்கும்!

அப்பறம் அண்ணனுக்குக் குடலிறக்கம் வந்துச்சு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னுட்டாங்க. இவரு விடுவாரா? தினமும் விடியக்காலைல உடம்பை விட்டு வெளிய போயி வீட்டுக் கூரை மேல நிக்கிறேன்னு சொல்றாருல்ல உங்கண்ணன், மயக்கத்துலயும் போவாருல்ல, ஆபரேஷன் தியேட்டர் அலமாரி மேல நான் ஒரு பொருளை வெக்கிறேன், மேலேர்ந்து பாத்தாத்தான் தெரியும், அது என்னன்னு சொல்லட்டும், நான் வேலையை விட்டுட்டு டயர் கடை மாடியில பாய் விரிக்கிறேன்னாரு. அண்ணனும் சரின்னுட்டாரு. ஆபரேஷன் பண்ற டாக்டர் இவரோட கூடப் படிச்சவரு. அதனால ஒத்துக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு வயித்தைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி வீட்ல இவ்வளவு சந்தோஷமா இருந்தது அப்பதான்.

அண்ணன் ஒத்திகை எல்லாம் பாத்தாரும்மா. என்னை ஃப்ரிட்ஜ் மேல எதையாவது வெக்கச் சொல்லிட்டு, கட்டில்ல மல்லாந்து படுத்துக்குவாரு. நான் சல்லடையை வெச்சா பூட்டும்பாரு. பூட்டை வெச்சா, ஏதோ உயிருள்ளது மாதிரி தெரியுதும்பாரு. ஒரு தடவை டார்ச்னு சரியா சொல்லிட்டாரு. எங்க வீட்ல டார்ச் எப்பவுமே அங்கதான் இருக்கும்.

இவரு என்ன வெச்சாரு தெரியுமா? ரப்பர் தவளை. பச்சைக் கலர், அமுக்கினா கத்தும். முதல் நாளே போயி வெச்சுட்டு வந்துட்டாரு. எங்கிட்டக்கூட சொல்லல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அண்ணன் கண்ணு முழிக்கிறாரு, இவரு தலைமாட்டுலயே நிக்கிறாரு. அத்தனை மாசம் கழிச்சு நேரா முகத்தைப் பாத்து, மச்சான், என்ன பாத்தீங்கன்னாரு. அண்ணன் முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்ல மாப்ளன்னாரு. கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது. ஒண்ணுமே இல்ல. இருட்டுகூட இல்ல. நானே இல்லன்னாரு. அப்படி ஒரு அழுகையை அண்ணி போனப்பகூட நான் பாக்கல.

இவரு பாவம், ஜெயிச்ச மாதிரியே இல்ல. அண்ணன் போர்வையை இழுத்து சரி பண்ணிட்டு, பொம்மையை எடுத்துட்டு வந்துடுறேன்னு போனாரு. தியேட்டர்ல ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தா, அலமாரி மேல ஒண்ணுமே இல்ல! அன்னைக்குக் காலையிலயே துடைக்கிற அம்மா, தியேட்டர்ல எவன்டா தவளையை வெச்சதுன்னு தூக்கிக் குப்பையில போட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியேம்மா! இவரு ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லையாம். டாக்டர்தான் இடுப்பைப் புடிச்சு இறக்கிவிட்டாராம்.

புரியுதா உங்களுக்கு? அண்ணன் என்ன சொன்னாரு, ஒண்ணுமே இல்லன்னாரு. அலமாரி மேல என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல. ஓடி வந்து அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டு, மச்சான், நீங்க பாத்திருக்கீங்கன்னாரு. அண்ணன், இல்ல மாப்ள, நான் பாக்கவே இல்லன்னாரு. இல்ல, ஒண்ணுமே இல்லங்கிறதைப் பாத்திருக்கீங்கன்னு இவரு. அய்யோ, பாக்குறதுக்கே ஆள் இல்ல மாப்ள! தையல் பிரிஞ்சுடும்னு நர்ஸ் வந்து அதட்டுற வரைக்கும் இதே.

அன்னையிலேர்ந்து ரெண்டு பேரும் கட்சி மாறிட்டாங்க. இவரு காலைல பால்கனியில சம்மணம் போட்டு உக்காந்துடுறாரு. மூட்டு வலிக்குது, நான்தான் தைலம் தேய்க்கிறேன். அண்ணன் ஹால்ல பிளாஸ்டிக் மூளை ஒண்ணு வாங்கி வெச்சு, எல்லாம் கரண்ட்டு, கரண்ட்டு நின்னா நீ இல்லன்னு கிளாஸ் எடுக்குறாரு. அதுக்குக் கூட்டம் முன்னைவிட ஜாஸ்தி. அதைக் கேட்டாத்தான் மனசு நிம்மதியா இருக்குன்னு ஒரு பேங்க் மேனேஜர் சொன்னாராம். சண்டை மட்டும் அப்படியே இருக்கு, ஆனா இப்ப நேருக்கு நேரா பேசிக்கிறாங்க. உப்புகூட தானாவே நகருது.

இன்னைக்கு ஏன் இவ்வளவு சத்தமா? எங்க வீட்டு ஆள் ஒருத்தருக்கு இன்னைக்கு வால்வு ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சு, தைச்சுட்டு மறுபடி ஓட விடுவாங்களாம். அண்ணனோடது சாதா மயக்கம், இது அப்படி இல்ல, கண்டிப்பா ஏதாவது தெரியும்னு இவரு. எதுவும் தெரியாது, பயமும் இருக்காது, அதுவே பெரிய வரம்னு அண்ணன். ஒரு வாரமா ரெண்டு பேரும் சரியா சாப்பிடல. நேத்து பாத்தா, இவரு அண்ணனோட பழைய மூச்சுப் பயிற்சியைப் பண்றாரு, அண்ணன் இவரோட புஸ்தகத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டுப் படிக்கிறாரு. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா திருப்பி நேரா வெச்சுடுவாரு, அப்பறம் எழுத்து தெரியும், எழுத்துல ஆபரேஷன்ல என்னென்ன ஆகலாம்னு எல்லாம் போட்டிருக்கும்.

என்ன சிஸ்டர்? ஆங், வந்துட்டேன். இருங்க, இந்தச் சால்வையை எடுத்துடுறேன். உள்ள ஆஸ்பத்திரி கவுன்தான், காலைலயே மாத்திவிட்டுட்டாங்க. குளிருதுன்னு மேல போத்திக்கிட்டேன்.

ஆமாம்மா. எனக்குத்தான்.

ஐயே, கண்ணைத் துடைங்க. உங்களுக்கே ஆயிரம் கவலை. அவங்களைக் கூப்பிடவான்னா கேக்குறீங்க? வேணாம், கூப்பிடாதீங்க. வந்தாங்கன்னா வாயை மூடிக்கிட்டு என் முகத்தையே பாப்பாங்க. அதை என்னால தாங்க முடியாது. அவங்க பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கட்டும். அந்தச் சத்தம் உள்ள வரைக்கும் கேக்கும்னு நினைக்கிறேன்.

உங்க கையை மட்டும் கொஞ்சம் குடுங்க. வாசல் வரைக்கும் வந்தாப் போதும். அதுக்கப்பறம் யாரும் கூட வரக்கூடாதாம்.