குடிக்கத்தான் போறேன்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் கைத்தொலைபேசியில் மனைவியிடம் சொன்னார். "குடிக்கத்தான் போறேன். நீ சாப்பிட்டுப் படு."

பக்கத்திலிருந்த நண்பர் திகைத்தார். "என்ன அண்ணே, நாம குடிய விட்டவங்க மீட்டிங்குக்குத்தானே போறோம்? அதைச் சொல்லலாம் லா."

"சாமி முன்னாடி சத்தியம் பண்ணி எத்தனையோ தடவை விட்டேன். ஒவ்வொரு தடவையும் அவ நம்பி ஏமாந்தா. நம்ம குரூப்புல சாமியும் இல்ல, சத்தியமும் இல்ல. அதான் இந்தத் தடவை சொல்லாமயே விட்டுப் பார்க்கிறேன்."

"ராத்திரி வாயில வாடை இல்லன்னா அண்ணிக்குத் தெரிஞ்சிடுமே?"

அவர் சிரித்தார். "பக்கத்துல வந்தாத்தானே தெரியும்."